எல்லாச் சேனலுக்கும் ஒரே கெயின்: ஃபிக்ஸட் பாயிண்டில் செய்யும் முறை

ஸ்டீரியோ லிமிட்டர் கட்டும்போது பலரும் இடது சேனலுக்கு ஒரு லிமிட்டர், வலதுக்கு ஒரு லிமிட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். இடப்பக்கம் மட்டும் தவில் ஓங்கி அடித்தால் இடது சேனலின் ஒலி மட்டும் குறையும். நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்த குரல் ஒவ்வொரு அடிக்கும் வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். ஹெட்ஃபோனில் கேட்டால் இது உடனே தெரிந்துவிடும். எல்லாச் சேனலையும் பார்த்து ஒரே கெயினைக் கணக்கிட்டு, அதையே எல்லாச் சேனலுக்கும் ஒரே கணத்தில் பெருக்குவதுதான் தீர்வு.

ஃப்ளோட்டில் இது இரண்டு வரி வேலை. முழு எண்களில் செய்யும்போது பெருக்கலின் ஒவ்வொரு கட்டத்திலும் பிட்டுகளுக்கு இடம் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்த அத்தியாயத்தில் கார்டெக்ஸ்-எம்4 வகை மைக்ரோகண்ட்ரோலர், 16 பிட் சாம்பிள், நொடிக்கு 48,000 சாம்பிள், 64 ஃபிரேம் கொண்ட பிளாக் என்று வைத்துக்கொண்டு செய்வோம். ஃபிரேம் என்றால் ஒரே கணத்தில் எடுத்த எல்லாச் சேனல் சாம்பிள்களும் சேர்ந்த தொகுதி. இந்தச் சொல் அத்தியாயம் முழுக்க வரும். கெயின் ஃபிரேமுக்கு ஒன்றுதான், சாம்பிளுக்கு ஒன்றல்ல. பின்னால் வரும் பிழைகளில் தலையாயது இதை மறந்ததால் வருவது.

வேலை தொடங்குமுன்: பாதுகாப்பு

இதைக் கடைசியில் போட்டால் யாரும் படிப்பதில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முழு எண் கணக்கில் ஒரு பிட் தவறினால் ஒலி சற்றே கெட்டுப்போவதோடு நிற்காது. 30000 என்ற சாம்பிளை 1.5 மடங்காக்கினால் 45000. அது 16 பிட்டில் அடங்காமல் சுற்றிக்கொண்டு −20536 ஆக வெளியே வரும். உச்சத்தில் இருந்த அலை அடுத்த கணமே எதிர்ப்பக்கம் பாயும். காதுக்கும் ட்வீட்டருக்கும் இதைவிட மோசமான சிக்னல் கிடைப்பது அரிது.

- முதல் ஓட்டம் எப்போதும் கணினியில், கோப்பிலிருந்து கோப்புக்கு. போர்டில் ஏற்றுவது அதற்குப் பிறகுதான்.
- போர்டில் முதன்முறை ஓட்டும்போது ஹெட்ஃபோனைக் காதில் மாட்டாமல் மேசைமேல் வைத்துக் கேளுங்கள்.
- 10 வாட் அளவுள்ள சிறிய ஆம்ப் என்றால் ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 20 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டுங்கள். அது சூடாகும், கையோ பிளாஸ்டிக்கோ படாத இடத்தில் வையுங்கள்.
- கிளாஸ்-டி ஆம்ப்களில் பலவும் பிரிட்ஜ் முறையில் இயங்குபவை. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலும் சிக்னல் இருக்கும், இரண்டும் கிரவுண்ட் அல்ல. ஆசிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அதில் ஒன்றில் மாட்டினால் அந்தப் பக்கத்து அவுட்புட் ஷார்ட் ஆகிவிடும். இரண்டு புரோபுகளை இரண்டு வயரிலும் வைத்து, கிரவுண்டை போர்டின் கிரவுண்டில் மாட்டி, வித்தியாசத்தைப் பாருங்கள்.
- ஆம்பின் மியூட் பின்னைப் பவர் போட்டதும் விடாதீர்கள். கோடெக், டிஎம்ஏ இரண்டும் ஓடத் தொடங்கி, சில பிளாக்குகள் சுத்தமான பூஜ்யமாக வெளியேறிய பிறகு விடுங்கள்.
- ட்வீட்டரை ஆம்ப் நேரடியாக இயக்கும் அமைப்பு என்றால், தொடரில் ஒரு காப்புக் கெபாசிட்டர் இல்லாமல் சோதனைக்குப் போக வேண்டாம்.

எண் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தல்

சாம்பிள் 16 பிட்: −32768 முதல் 32767 வரை. அதில் கேள்வியே இல்லை. கெயினை எந்த வடிவத்தில் வைப்பது என்பதில்தான் தொடக்கத்திலேயே சறுக்குகிறார்கள்.

சாம்பிளைப் போலவே கெயினையும் க்யூ15 வடிவில், அதாவது 15 பிட் பின்னமாக, வைத்தால் 1.0 என்ற எண்ணையே எழுத முடியாது. கிடைக்கும் பெரிய எண் 32767, அது ஒன்றுக்கு ஒரு மயிரிழை குறைவு. 20000 என்ற சாம்பிளை அதனால் பெருக்கி ரவுண்ட் செய்தால் 19999 வரும். எதையும் மாற்றாதே என்று சொன்ன இடத்தில் மாற்றம் வந்துவிடுகிறது. காதுக்குத் தெரியாது, ஆனால் சோதனையில் உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிடும் வசதி போய்விடும். அந்த வசதி எவ்வளவு பெரியது என்பது கடைசிப் பகுதியில் தெரியும்.

க்யூ14 இதைவிட மேல். 16384 என்றால் சரியாக 1.0. சில மதிப்புகள்:

+6 டெசிபெல்: 32690
0 டெசிபெல்: 16384
−1 டெசிபெல்: 14602
−3 டெசிபெல்: 11599
−6 டெசிபெல்: 8211
−20 டெசிபெல்: 1638
−40 டெசிபெல்: 164
−60 டெசிபெல்: 16

கடைசி வரியைக் கவனியுங்கள். 16-க்கு அடுத்த படி 17. இரண்டுக்கும் இடையே அரை டெசிபெலுக்கு மேல் இடைவெளி. மெல்ல மங்கும் ஃபேட்-அவுட் அந்த இடத்தில் படிக்கட்டாக இறங்கும். அதனால் கெயினை 32 பிட்டில், க்யூ30 வடிவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. 1073741824 என்றால் 1.0. மேல் எல்லை இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறத்தாழ +6 டெசிபெல். கெயின் எப்போதும் பூஜ்யம் அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். ஃபேஸைத் திருப்ப வேண்டுமானால் அதற்குத் தனி வழி வையுங்கள். எதிர்மறைக் கெயினை அனுமதித்தால் இரண்டு கெயின்களின் வித்தியாசம் 32 பிட்டைத் தாண்டிவிடும்.

படி 1: எல்லாச் சேனலின் உச்சத்தைக் காணுங்கள்

ஒரு பிளாக்கில் உள்ள 64 ஃபிரேம்களிலும், எல்லாச் சேனல்களிலும், குறி நீக்கிய மதிப்புகளில் பெரியதை எடுங்கள். சாம்பிளை முதலில் 32 பிட் மாறிக்கு மாற்றி, பிறகு குறியை நீக்குங்கள். 16 பிட்டிலேயே குறி நீக்கப்போனால் −32768-க்கு நேரான +32768 அங்கே இல்லாததால், அது −32768 ஆகவே நின்றுவிடும். இருப்பதிலேயே உரத்த சாம்பிள், லிமிட்டரின் கண்ணுக்கு இருப்பதிலேயே சின்னதாகப் படும்! சிஎம்சிஸ் நூலகத்தின் 16 பிட் அப்சலூட் ஃபங்ஷன் இதை 32767-க்கு வெட்டிக் காப்பாற்றிவிடும். நாமே எழுதும்போது நாம்தான் பார்க்க வேண்டும்.

குறிப்பு: டிடிஎம் முறையில் 8 ஸ்லாட் வந்து, அதில் 6 மட்டும் பயன்பட்டால், சுழற்சியை 6-உடன் நிறுத்துங்கள். காலி ஸ்லாட்டில் கிடக்கும் குப்பை எண் உச்சமாகப் பிடிபட்டால், காரணமே தெரியாமல் எல்லாச் சேனலும் அடங்கிப்போகும்.

படி 2: வேண்டிய கெயினைக் கணக்கிடுங்கள்

எல்லை −1 டெசிபெல் என்றால் அதன் சாம்பிள் மதிப்பு 29204. உச்சம் இதற்குள் இருந்தால் கெயின் 1.0. மீறினால்:

வேண்டியது = ((29204 << 15) ÷ உச்சம்) << 15

முதல் ஷிஃப்ட்டின் விடை 95 கோடியே 69 லட்சத்துச் சொச்சம். 32 பிட்டில் அடங்கும். வகுத்தல் கீழ்நோக்கி வெட்டுவதால் கெயின் சற்றே குறைவாக வரும். லிமிட்டருக்கு அதுவே பாதுகாப்பான பக்கம். எம்4-இல் வகுத்தலுக்கு ஹார்டுவேர் இருக்கிறது, பிளாக்குக்கு ஒருமுறைதான் செய்கிறோம். எனவே இங்கே மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு அட்டவணை போட வேண்டாம்.

படி 3: ஒரு பிளாக் முன்னே பாருங்கள்

உச்சம் வந்த பிறகு கெயினைக் குறைத்தால் முதல் அடி தப்பிவிடும். ஆகவே ஆடியோவை ஒரு பிளாக், அதாவது 64 ஃபிரேம் தாமதப்படுத்துங்கள். 1.33 மில்லி செகண்ட்தான். தாமதம் எல்லாச் சேனலுக்கும் இருக்க வேண்டும், எல்லையை மீறிய சேனலுக்கு மட்டுமல்ல.

இங்கே ஒரு நுணுக்கம். இப்போது வெளியே அனுப்பும் பிளாக்குக்கு 0.6 கெயின் தேவை, புதிதாக உள்ளே வந்த பிளாக்குக்கு 1.0 போதும் என்று வைத்துக்கொள்வோம். புதியதை மட்டும் பார்த்துக் கெயினை 1.0 நோக்கி ஏற்றினால், இப்போது வெளியேறும் பிளாக்கின் பின்பாதியில் இருக்கும் உச்சம் எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே இலக்கு, இரண்டு பிளாக்குகளின் தேவையில் குறைந்தது. இதைச் செய்தால் பிளாக் தொடங்கும்போதும் முடியும்போதும் கெயின் அதன் தேவைக்குள்ளேயே இருக்கும். நேர்கோட்டில் போவதால் நடுவிலும் மீறாது.

படி 4: ஏற்றத்தை மட்டும் மெதுவாக்குங்கள்

இறங்க வேண்டுமானால் இலக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற வேண்டுமானால்:

இலக்கு = இப்போதைய கெயின் + ((இலக்கு − இப்போதைய கெயின்) >> 8)

பிளாக்குக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் மீளும் நேர மாறிலி ஏறத்தாழ 340 மில்லி செகண்ட்.

கெயினை 32 பிட்டில் வைக்கச் சொன்னதற்கு இந்த ஒரு வரி இன்னொரு பெரிய காரணம். இதையே 16 பிட் க்யூ14-இல் செய்து பாருங்கள். வித்தியாசம் 256-க்குக் கீழே வந்ததும் ஷிஃப்ட்டின் விடை பூஜ்யம். 16384-ஐ நோக்கி ஏறிய கெயின் 16129-இலேயே நின்றுவிடும், 0.14 டெசிபெல் குறைவாக. அது பரவாயில்லை என்று விட்டாலும், −40 டெசிபெல்லுக்கு ஒரு ஃபேட்-இன் போட்டுப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து 164-க்கு ஏற வேண்டும். 164-ஐ 256-ஆல் வகுத்தால் பூஜ்யம். கெயின் அசையவே அசையாது. நிரலில் பிழை எதுவும் தெரியாது, ஸ்பீக்கரில் சத்தமும் வராது. க்யூ30-இலும் கடைசி 255 எண்கள் மிஞ்சும். நூறு கோடிக்கு மேற்பட்ட எண்ணில் அது ஒரு பொருட்டல்ல. சரியாக 1.0-இல் முடிய வேண்டுமென்றால் வித்தியாசம் 256-க்குக் கீழே வந்ததும் இலக்கை நேரடியாக வைத்துவிடுங்கள்.

படி 5: ஃபிரேமுக்கு ஒரு படி

அடி = (இலக்கு − இப்போதைய கெயின்) >> 6

பிளாக் 64 ஃபிரேம் என்பதால் 6 பிட் ஷிஃப்ட். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கெயினில் இந்த அடியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிளாக் முடிந்ததும் இப்போதைய கெயினை இலக்குக்குச் சமமாக்கிவிடுங்கள். வகுத்தலில் விட்டுப்போன சில்லறை அடுத்தடுத்த பிளாக்குகளில் சேராது. பிளாக்குக்கு ஒரே கெயின் என்று படியாக மாற்றினால், வால்யூம் குமிழைத் திருப்பும்போது சர்ரென்று ஜிப் இழுப்பது போன்ற இரைச்சல் கேட்கும். நேர்கோட்டுப் படி அதை அடக்கிவிடும்.

படி 6: பெருக்கல்

1. சாம்பிளையும் கெயினையும் பெருக்கி 16 பிட் வலப்பக்கம் ஷிஃப்ட் செய்யுங்கள்.
2. விடையோடு 8192 கூட்டுங்கள்.
3. 14 பிட் வலப்பக்கம் ஷிஃப்ட் செய்யுங்கள்.
4. 16 பிட் எல்லைக்குள் வெட்டுங்கள்: 32767-க்கு மேல் போனால் 32767, −32768-க்குக் கீழே போனால் −32768.

முதல் வரிக்கு எம்4-இல் ஒரே கட்டளை போதும்; 32 பிட் எண்ணை 16 பிட் எண்ணால் பெருக்கி, விடையின் மேல் 32 பிட்டை மட்டும் தரும் வகை அது. இதில் இரண்டு வடிவம் உண்டு. ஒன்று 32 பிட் சொல்லின் கீழ்ப்பாதியைப் பெருக்கும், மற்றது மேல்பாதியை. ஸ்டீரியோவில் இடதும் வலதும் அடுத்தடுத்து இருப்பதால், ஒரே 32 பிட் சொல்லாக எடுத்தால் இடது கீழ்ப்பாதியில், வலது மேல்பாதியில் உட்கார்ந்திருக்கும். கெயின் ஒரு ரிஜிஸ்டரில் இருக்க, சாம்பிள்களைப் பிரிக்காமலே இரண்டு கட்டளையில் இரண்டு சேனலும் முடிந்தது. இரண்டுக்கும் ஒரே கெயின்தான் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட உறுதி வேறு வேண்டாம்.

8192 கூட்டுவதைச் சோம்பலில் விடாதீர்கள். ரவுண்டிங் இல்லாமல் வெறுமனே ஷிஃப்ட் செய்தால் எண்கள் எப்போதும் கீழ்நோக்கியே வெட்டப்படும். சராசரியாக அரை எண் அளவுக்கு ஒரு டிசி சாய்வு எல்லாச் சேனலிலும் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாறு கட்டங்கள் அடுக்கினால் அது கூடிக்கொண்டே போகும்.

நான்காவது வரிக்கு எம்3, எம்4 இரண்டிலும் சாச்சுரேஷன் கட்டளை இருக்கிறது. எம்0-இல் இல்லை. அங்கே இரண்டு ஒப்பீடுகள் எழுத வேண்டும்.

படி 7: கெயின்களை முதலில் சேருங்கள், சாம்பிளைக் கடைசியில் தொடுங்கள்

வால்யூம், அறிவிப்பு வரும்போது இசையைத் தணிக்கும் டக்கிங், லிமிட்டர் என மூன்று கெயின்கள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றாகச் சாம்பிளில் பெருக்கினால் மூன்று முறை ரவுண்டிங், மூன்று முறை வெட்டு. முதலில் −40 டெசிபெல் தணித்துப் பிறகு ஏற்றினால் போன பிட்டுகள் திரும்பி வராது. ஒரு பிட் போனால் 6 டெசிபெல் போச்சு. கெயின்களைத் தங்களுக்குள் 64 பிட்டில் பெருக்கி, 30 பிட் ஷிஃப்ட் செய்து, ஒரே கெயினாக்கிக்கொண்டு சாம்பிளை ஒருமுறை மட்டும் தொடுங்கள். லிமிட்டரின் உச்சத்தை வால்யூமுக்குப் பிந்தைய மதிப்பாகக் கணக்கிட மறக்காதீர்கள். இல்லையென்றால் லிமிட்டர் அடக்கியதை வால்யூம் மீண்டும் எல்லைக்கு வெளியே தள்ளும்.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

*சாம்பிளுக்கு ஒரு படி.* இதுதான் தலையாயது. இடது, வலது, இடது, வலது என்று கலந்து அடுக்கிய பஃப்பரில் 128 சாம்பிள் இருக்கும். ஒற்றைச் சுழற்சி எழுதி, ஒவ்வொரு சாம்பிளுக்கும் அடியைக் கூட்டினால், பாதி பிளாக்கிலேயே கெயின் இலக்கைத் தொட்டுவிடும். மீதிப் பாதியில் அதே தூரம் தாண்டியும் போகும். 1.0-இலிருந்து 0.5-க்கு இறங்கச் சொன்னால் பிளாக்கின் கடைசியில் பூஜ்யம். பிறகு பிளாக் முடிவில் 0.5-க்குத் தாவல். ஒலியைக் குறைக்கும்போதெல்லாம் 'டிக்' என்று கேட்டால் முதலில் இதைப் பாருங்கள். வெளிச் சுழற்சி ஃபிரேமுக்கு, உள்சுழற்சி சேனலுக்கு, அடியைக் கூட்டுவது வெளிச் சுழற்சியில். 5.1 பஃப்பரில் இதே தவறால் கெயின் இலக்கைத் தாண்டிப் போகும் தூரம் ஐந்து மடங்காகும்.

*நடுவழியில் மாறும் கெயின்.* குமிழைப் படிக்கும் இன்டரப்ட் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பிளாக் தொடங்கும்போது இலக்கை ஒரு உள்மாறியில் நகலெடுத்து, பிளாக் முடியும்வரை அதையே பயன்படுத்துங்கள். ஒழுங்காக அடுக்கப்பட்ட ஒற்றை 32 பிட் எண் என்றால் அதைப் படிப்பதும் எழுதுவதும் துண்டாகாது. கெயினைப் பெருக்கி ஒன்று, ஷிஃப்ட் ஒன்று என இரண்டு மாறிகளில் வைத்தால்தான் வம்பு: புதிய பெருக்கியும் பழைய ஷிஃப்ட்டும் ஒரு கணம் சேர்ந்துவிட்டால் ஒலி 6 டெசிபெல் குதிக்கும்.

*எல்லாச் சேனலுக்கும் ஒரே டிதர்.* 16 பிட்டுக்கு இறக்கும்போது டிதர் சேர்ப்பதாக இருந்தால், படி 6-இல் 8192-உடன் −8192 முதல் 8191 வரையிலான இரண்டு சீரற்ற எண்களைக் கூட்டுங்கள். கெயின் பொது என்பதால் டிதரையும் பொதுவாக்கி நேரம் மிச்சம் பிடிக்கத் தோன்றும். வேண்டாம். இரண்டு சேனலிலும் ஒரே இரைச்சல் போனால் அது நடுவில், குரல் நிற்கும் அதே இடத்தில், குவிந்து கேட்கும். சேனலுக்குச் சேனல் தனித்தனி எண்கள் கொடுங்கள்.

5.1 சேனல் என்றால்

வேவ் கோப்பின் வழக்கமான வரிசையில் முன் இடது, முன் வலது, நடு, சப்-ஊஃபர், பின் இடது, பின் வலது என்று வரும். நான்காவதான சப்-ஊஃபர் சேனலை உச்சம் பார்ப்பதில் சேர்ப்பதா என்பது உங்கள் முடிவு. சேர்த்தால் ஒவ்வொரு வெடிச்சத்தத்துக்கும் வசனம் அமுங்கும். நான் என்றால் அதற்குத் தனி லிமிட்டர் வைத்து, பொதுக் கெயின் கணக்கில் சேர்க்காமல், பொதுக் கெயினை மட்டும் அதற்கும் கொடுப்பேன். அப்போதுதான் மற்றவை குறையும்போது சப் மட்டும் தனியே முழங்காது.

பொதுக் கெயின் புதிய யோசனையும் அல்ல. டால்பியின் ஏசி-3 முறையில் ஒலியோடு கூடவே 8 பிட் கெயின் சொல் ஒன்று வருகிறது. மேல் 3 பிட் 6.02 டெசிபெல் படிகளில் ஷிஃப்ட்டைச் சொல்லும், கீழ் 5 பிட் நுண்ணிய பெருக்கியைச் சொல்லும். −24.08 முதல் +23.95 டெசிபெல் வரை போகலாம். 256 சாம்பிள் கொண்ட ஒவ்வொரு பிளாக்கிலும் அது மாறலாம். புதிய சொல் வராத பிளாக்கில் பொதுவாக முந்தையதே தொடரும். அந்த ஒரே சொல்தான் 5.1 நிகழ்ச்சியின் ஆறு சேனலுக்கும்.

சோதனை

டிதரை நிறுத்திவிட்டு, கணினியில் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. கெயின் 1.0. −32768 முதல் 32767 வரை எல்லா எண்களையும் உள்ளே அனுப்புங்கள். லிமிட்டரை அணைத்திருந்தால் ஒரு எண்கூட மாறாமல் வெளிவர வேண்டும்.
2. எல்லாச் சேனலிலும் ஒரே சைன் அலையைக் கொடுத்து, கெயினை மேலும் கீழும் ஆட்டுங்கள். வெளிவந்த இடதிலிருந்து வலதைக் கழித்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாகப் பூஜ்யம் வர வேண்டும். 'ஏறத்தாழ பூஜ்யம்' என்றால் கெயின் எங்கோ பிரிந்திருக்கிறது.
3. ஒரு சேனலில் மாறாத 16384, கெயின் 0-இலிருந்து 1.0-க்கு. வெளிவரும் எண்கள் ஏறிக்கொண்டே போக வேண்டும்; எங்கும் இறங்கக் கூடாது, குதிக்கக் கூடாது.
4. முழுப் பூஜ்யம் உள்ளே போனால் முழுப் பூஜ்யம் வெளியே.
5. ஒரே ஒரு சேனலில், பிளாக்கின் கடைசி ஃபிரேமில் −32768 என்ற ஒற்றை முள். லிமிட்டர் ஓடும்போது வெளிவரும் அதன் அளவு 29204-ஐத் தாண்டக் கூடாது. மற்ற எல்லாச் சேனல்களும் அதே ஃபிரேமில் அதே விகிதத்தில் குறைந்திருக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை நிரலில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள். ஐந்தும் தேறிய பிறகு போர்டில் ஏற்றி, ரெசிஸ்டரோடு ஓட்டிப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் ரெசிஸ்டரைக் கழற்றி, வால்யூமைக் கீழே வைத்து, ஸ்பீக்கரை இணையுங்கள்.